பிள்ளை மக்கு என்று திட்டுவதற்கு முன்னால், அப்பா எங்கே வேலை பார்க்கிறார் என்று கேளுங்கள்

1/
"ஒரு இடத்துல உட்கார மாட்டேங்கிறான் டாக்டர். எவ்ளோ சொன்னாலும் மண்டையில ஏறல. தொட்டதுக்கெல்லாம் கோபம்."

இப்படி ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தால் காது கேட்கிறதா, கண் தெரிகிறதா, நன்றாகத் தூங்குகிறானா, வீட்டில் ஏதாவது சண்டையா என்று எல்லாம் கேட்போம். கும்மிடிப்பூண்டி பக்கம் இன்னொரு கேள்வியும் கட்டாயம் வேண்டும் என்பது என் கருத்து. "அப்பாவுக்கு என்ன வேலை?"

ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படிங்க.

2/
கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலைகள் இருக்கின்றன. பழைய பேட்டரியை உடைத்து உருக்கி ஈயம் எடுக்கும் தொழிலும் இருக்கிறது. ஒரு கார் பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம்தான்.

உருக்கும்போது எழும் புகையும் தூசியும் வேலை செய்பவரின் சட்டை, தலைமுடி, செருப்பு எல்லாவற்றிலும் படியும். ஷிப்ட் முடிந்து அப்படியே வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தூக்கினால், தூசி பிள்ளைக்குப் போகிறது.

3/
இது மூளையை என்ன செய்யும்? கருவில் இருந்து ஆரம்பிப்போம்.

கரு உருவாகி 4 வாரத்துக்குள், மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் குழாய் மூடிவிடுகிறது. பல பெண்களுக்கு அப்போது கர்ப்பம் என்றே தெரிந்திருக்காது. அதன் பிறகுதான் நரம்பு செல்கள் கோடிக்கணக்கில் பிறந்து, அதனதன் இடத்துக்கு நகர்ந்து போய் உட்காருகின்றன.

நம் உடம்பு ஈயத்தைக் கால்சியம் என்று நினைத்து ஏமாந்து எலும்பில் சேர்த்து வைக்கும். பல வருஷம் அது அங்கேயே கிடக்கும். கர்ப்பத்தில் குழந்தைக்குக் கால்சியம் கொடுக்க அம்மாவின் எலும்பு கரையும்போது, ஈயமும் சேர்ந்து வெளியே வரும். நஞ்சுக்கொடி அதைத் தடுக்காது.

அதாவது, அம்மா சிறுமியாக இருந்தபோது உள்ளே போன ஈயம் இன்று அவள் பிள்ளைக்குப் போகலாம்.

4/
பிறந்த பிறகு முதல் சில வருஷங்களில் நொடிக்குப் பத்து லட்சத்துக்கு மேல் புது நரம்பு இணைப்புகள் உருவாகின்றன. 6 வயதுக்குள் மூளை அதன் முழு அளவில் சுமார் 90 சதவீதத்தை எட்டிவிடும். அடிக்கடி பயன்படும் இணைப்பு நிலைக்கும், பயன்படாதது கழிந்துவிடும். பேச்சு, நடை, கவனம் எல்லாம் இப்படித்தான் வருகிறது.

எந்த இணைப்பு நிலைக்க வேண்டும் என்பதை முடிவு செய்யும் சமிக்ஞைகளில் கால்சியத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த நாற்காலியில் ஈயம் போய் உட்கார்ந்துகொண்டால் கணக்கே தப்பாகிவிடும்.

5/
பிள்ளை தரையில் தவழ்வதும், கையில் கிடைத்ததை வாயில் வைப்பதும் இதே வயதில்தான். வயிற்றுக்குள் போகும் ஈயத்தைப் பெரியவர்களை விட 4, 5 மடங்கு அதிகமாகச் சின்னப் பிள்ளைகளின் உடம்பு உறிஞ்சும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உடம்பில் இரும்புச்சத்து குறைந்திருந்தால் இன்னும் அதிகம்.

தமிழ்நாட்டில் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை (2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு). ரத்தசோகை உள்ள பிள்ளை மண்ணைத் தின்னும். அந்த மண்ணில் ஈயம் இருந்தால்? ஒரு பிரச்சனை இன்னொன்றைக் கையைப் பிடித்துக் கூட்டி வருகிறது.

6/
வளரிளம் பருவத்தில்தான் பலருக்கு விளைவு கண்ணில் படும். யோசித்துச் செயல்படவும் கோபத்தை அடக்கவும் உதவும் முன்மூளை, 25 வயதை ஒட்டித்தான் முழுதாக முதிர்கிறது.

அமெரிக்காவின் சின்சினாட்டியில் 1979 முதல் 1984 வரை பிறந்த குழந்தைகளைப் பெரியவர்கள் ஆகும்வரை தொடர்ந்து கவனித்தார்கள். சிறுவயதில் ஈயம் அதிகம் இருந்தவர்களுக்கு, வளர்ந்தபின் எடுத்த ஸ்கேனில் முன்மூளைப் பகுதி சுருங்கி இருந்தது. 2008-ல் வெளியான முடிவு இது.

7/
"அதெல்லாம் அமெரிக்கா" என்பவர்களுக்கு, நம் சென்னைக் கணக்கு. 3 முதல் 7 வயதுக்குள் 756 பள்ளிக் குழந்தைகளைச் சோதித்து 2009-ல் வெளியிட்டார்கள். ரத்தத்தில் ஈயம் சராசரியாக டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம். அளவு கூடக்கூட பதற்றம், கவனக்குறைவு, மற்ற பிள்ளைகளோடு பழகுவதில் சிக்கல் எல்லாம் கூடியிருந்தது.

5 மைக்ரோகிராம் இருந்தாலே எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது.

8/
வேலையைக் கெடுக்காதீங்க டாக்டர் என்பீர்கள். ஆலையை மூடச் சொல்லவில்லைங்க. 2000 பிப்ரவரியில் இந்தியா முழுக்க பெட்ரோலில் இருந்து ஈயத்தை எடுத்தோம். வண்டி ஓடாமலா போச்சு?

1948 தொழிற்சாலைச் சட்டத்திலேயே ஈய நச்சு, அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக இருந்தது. அது தொழிலாளிக்கு. அவர் வீட்டுக்குப் போய்த் தூக்கிக் கொஞ்சும் பிள்ளையைப் பற்றி யார் கேட்பது? பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் மருத்துவக் குழு வந்து குழந்தைகளைப் பரிசோதிக்கும் மத்திய அரசுத் திட்டம் 2013 முதல் இருக்கிறது. நல்ல திட்டம். ஆனால் அதன் பட்டியலில் ஈயம் இல்லை.

9/
என் கோரிக்கை மூன்றுதான்.

ஒன்று: சிந்தலகுப்பம், பாப்பன்குப்பம், புது கும்மிடிப்பூண்டி என்று சிப்காட்டை ஒட்டிய ஊர்களில் 6 வயதுக்கு உட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும் ரத்தத்தில் ஈய அளவைப் பார்க்க வேண்டும். பீகார், ஒடிசாவில் இருந்து வந்து தங்கியிருக்கும் குடும்பங்களையும் விடக்கூடாது.

இரண்டு: ஈயம் கையாளும் ஒவ்வொரு ஆலையிலும் குளிக்க இடமும், உடை மாற்ற அறையும், வேலை உடையை அங்கேயே துவைக்கும் வசதியும் வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளிக்கும் சேர்த்துத்தான்.

மூன்று: வீட்டுக் கொல்லையிலும் காலி மனையிலும் பேட்டரி உடைப்பதை நிறுத்த வேண்டும். செனகலின் தலைநகர் டாக்கர் பக்கத்தில் இப்படி உடைத்த ஒரு பகுதியில் 2007-08-ல் 18 குழந்தைகள் இறந்துபோனார்கள்.

10/
அதுவரை வீட்டில் செய்யக்கூடியவை:

வேலை முடிந்ததும் குளித்து, உடை மாற்றிய பிறகே பிள்ளையைத் தொடுங்க. வேலைத்துணியைத் தனியாகத் துவைங்க. செருப்பு வாசலுக்கு வெளியே இருக்கட்டும். பெருக்கினால் தூசி பறக்கும், ஈரத்துணியால் துடைங்க. சாப்பிடும் முன் பிள்ளைக்குச் சோப்புப் போட்டுக் கை கழுவி விடுங்க. கேழ்வரகு, முட்டை, கீரை, பால், கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ கொடுங்க. கர்ப்பிணிகள் இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரையை ஒரு நாளும் விடாதீங்க.

11/
ஈயத்தை வெளியேற்றும் மருந்து, அளவு மிக அதிகமானால் மட்டும்தான். நடந்துவிட்ட சேதத்தை அது திருப்பித் தராது. அதனால்தான் வரும் முன் தடுப்பதைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன்.

ஏற்கெனவே பின்தங்கிய பிள்ளைக்கும் வழி இருக்கிறது. பேசுங்க, கதை சொல்லுங்க, விளையாட விடுங்க. வளர்ச்சியில் சந்தேகம் இருந்தால் மாவட்டத்தில் உள்ள அரசு ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்குக் கூட்டிப் போங்க.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. உட்கார முடியாத பிள்ளையை அடித்து உட்கார வைக்க முடியாது. அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டு, ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பி வையுங்கள்.