தொடங்கிய நாள் தெரியும், நிறுத்தும் நாள்?

புறநோயாளிகள் பிரிவுக்கு வருவோரிடம், உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தையும் பையோடு கொண்டுவரச் சொல்வது என் வழக்கம். நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகளுக்கு நடுவே, பலரது பையில் சிறிய மாத்திரை அட்டை ஒன்றும் கிடக்கும். "இது எதற்கு?" என்று கேட்டால், "அது தூக்கத்துக்கு" என்பார்கள். "எத்தனை நாளாக?" என்ற அடுத்த கேள்விக்குப் பெரும்பாலும் விடை வருவதில்லை.

அந்த அட்டையில் இருப்பது பல வேளைகளில் அமிட்ரிப்டிலின் 10 அல்லது 25 மில்லிகிராம். சிலரிடம் மிர்டாசபின் 7.5 மில்லிகிராம்; வேறு சிலரிடம் டிராசோடோன். மூன்றும் மனச்சோர்வு நோய்க்கென உருவான மருந்துகள். உறக்கம் தருவது அவற்றின் பக்கவிளைவு. அந்தப் பக்கவிளைவையே பயனாகக் கொண்டு, மருத்துவர்களாகிய நாங்கள் அவற்றைச் சிறிய அளவில் எழுதுகிறோம். எழுதுவது எப்போதும் தவறன்று. ஆனால், தொடங்கும் சீட்டிலேயே மறுபரிசீலனைக்குரிய நாளையும் நிறுத்தும் முறையையும் எழுதாமல் விடுவது தவறு. அத்தவற்றைச் செய்தவர்களுள் நானும் அடக்கம்.

பீர்க்கன்கரணையிலிருந்து அறுபத்தேழு வயது அம்மையார் ஒருவர், சென்ற ஆண்டு தம் மருமகளுடன் வந்தார். மூன்று ஆண்டுகளுக்கு முன் அவருக்கு அக்கி கண்டு, கொப்புளங்கள் ஆறிய பின்னும் விலாப்பகுதியில் எரிச்சல் நீடித்தது. இரவில் உறக்கமில்லை. அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் எழுதிக் கொடுத்தேன். நரம்பு வலிக்கு அது உரிய மருந்துதான். ஆறு மாதத்தில் எரிச்சல் அடங்கியது. மாத்திரை அடங்கவில்லை. இடையில் எங்கோ அது 25 மில்லிகிராமாகவும் உயர்ந்திருந்தது.

ஒருநாள் மருமகள் கைப்பேசியில் மருந்தின் பெயரைத் தேடிப் பார்த்திருக்கிறார். "எங்க அத்தைக்கு எதுக்கு டாக்டர் மனநோய் மாத்திரை?" என்று என்னிடம் கேட்டபோது அவர் குரலில் கோபத்தைவிட அச்சமே மிகுந்திருந்தது. பெயரைப் பார்த்த அன்றே மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். அடுத்த மூன்று இரவுகளும் அம்மையார் கண்மூடவில்லை. குமட்டல், வியர்வை, படபடப்பு. நான்காம் நாள், "இது இல்லாமல் எனக்கு வாழ்க்கையே இல்லை" என்று தாமே மீண்டும் போட்டுக்கொண்டார். பின்னர் ஓர் இரவு, கழிவறைக்கு எழுந்தவர் தலை சுற்றி விழுந்தார். நல்வேளையாக எலும்பு முறியவில்லை.

அந்த வீட்டில் நிகழ்ந்தவை அனைத்தும் தவிர்த்திருக்கக்கூடியவை. மருந்து என்ன, எதற்கு, எதுவரை என்று முதல் நாளே நான் சொல்லியிருந்தால் அச்சமும் இல்லை, திடீர் நிறுத்தமும் இல்லை.

மருந்து வேலை செய்யும் விதத்தை அறிந்தால், நிறுத்தும்போது ஏற்படும் தொல்லையும் புரியும். நம்மை விழிப்புடன் வைத்திருக்கும் வேதிப்பொருள்களுள் ஹிஸ்டமின் ஒன்று. சிறிய அளவு அமிட்ரிப்டிலினே மூளையில் அதன் செயலைத் தடுத்துவிடும். அதனால் உறக்கம் வருகிறது. மனச்சோர்வு நோய்க்கு இம்மருந்து பொதுவாக 75 மில்லிகிராமும் அதற்கு மேலும் தேவைப்படும். எனவே 10 மில்லிகிராம் உட்கொள்பவரை மனநோயாளி என்று எண்ணுவதில் பொருளில்லை. மனநோய்க்கு மருந்து உட்கொள்வதிலும் இழிவில்லை.

இதே மருந்து அசிட்டைல்கோலின் என்னும் மற்றொரு வேதிப்பொருளின் செயலையும் தடுக்கிறது. நாவறட்சி, மலச்சிக்கல், மங்கலான பார்வை ஆகியவை அதன் விளைவுகள். புராஸ்டேட் வீங்கியுள்ள ஆண்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம். ஒருவகைக் கண் அழுத்த நோய் உள்ளவர்களுக்குக் கண்ணுக்கே ஆபத்து நேரலாம். முதியோருக்குக் குழப்பமும், எழும்போது இரத்த அழுத்தம் இறங்கித் தடுமாற்றமும் ஏற்படும். முதியோருக்குக் கூடியவரை தவிர்க்க வேண்டிய மருந்துகள் என்று அமெரிக்க முதியோர் மருத்துவ வல்லுநர்கள் வகுத்துள்ள 'பியர்ஸ்' பட்டியலில் அமிட்ரிப்டிலினும் உள்ளது. மிர்டாசபினுக்குப் பசியும் உடல் எடையும் கூடும். நீரிழிவு உள்ளவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இது.

நாள்தோறும் தடுக்கப்பட்டிருந்த செயல்கள், மருந்தைத் திடீரென நிறுத்தியவுடன் சில நாள்களுக்கு மிகையாகத் திரும்புகின்றன. உறக்கமின்மை, குமட்டல், தலைவலி, வியர்வை, எரிச்சல் மனநிலை ஆகியவை அதனால் வருபவை. அமிட்ரிப்டிலின் கனவு காணும் உறக்கத்தைக் குறைத்து வைத்திருக்கும். நிறுத்தியதும் அது பெருகி, கலங்கடிக்கும் கனவுகளாக வரும். பெரும்பாலோருக்கு இத்தொல்லைகள் ஓரிரு வாரங்களில் தணியும். அவை பழைய நோய் திரும்பியதற்குச் சான்றல்ல. மருந்து விலகுவதன் அடையாளம். இந்த வேறுபாடு தெரியாமையால்தான் அவ்வம்மையாரைப் போல் பலர் நான்காம் நாளே மாத்திரைக்குத் திரும்புகிறார்கள்.

ஆகவே படிப்படியாகக் குறைப்பதே முறை. 25 மில்லிகிராம் உட்கொள்பவர் 10 மில்லிகிராமுக்கு இறங்கி இரண்டு முதல் நான்கு வாரம் இருக்கலாம்; பிறகு அதில் பாதி, அதன் பின் நிறுத்தம். ஆண்டுக்கணக்கில் உட்கொண்டவர்களுக்கு ஒவ்வொரு படியும் இன்னும் மெதுவாக அமையலாம். இது ஒரு மாதிரிதான். உங்களுக்கான அட்டவணையை உங்கள் மருத்துவரே வகுக்க வேண்டும். வீட்டில் திருமணம், பேரப்பிள்ளைக்குத் தேர்வு, தொலைதூரப் பயணம் உள்ள வாரத்தில் தொடங்காதீர்கள். வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். உறக்கம் வராத இரவில், மருந்துக்கடையில் அல்பிரசோலமோ சளி மாத்திரையோ வாங்கி அந்த இடத்தை நிரப்பாதீர்கள். ஒன்றை விட்டு மற்றொன்றில் மாட்டிக்கொள்வதாகவே அது முடியும்.

சிலர் தாமாகக் கைவைக்கவே கூடாது. நம் நாட்டில் அமிட்ரிப்டிலினுடன் குளோர்டயஸெபாக்சைடு என்னும் மருந்தும் ஒரே மாத்திரையில் சேர்ந்து விற்கப்படுகிறது. இவ்விரண்டாவது மருந்தை நெடுநாள் உட்கொண்டு திடீரென நிறுத்தினால் வலிப்பே வரலாம். ஆகவே அட்டையின் பின்புறம் எத்தனை மருந்துப் பெயர்கள் உள்ளன என்று பாருங்கள். மனச்சோர்வு, ஒற்றைத் தலைவலி, நீரிழிவு நரம்பு வலி ஆகியவற்றுக்காக உட்கொள்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. குறைக்கும் காலத்தில் மனம் மிகச் சோர்ந்தாலோ, வாழ்வில் பற்றற்ற எண்ணங்கள் வந்தாலோ உடனே எங்களிடம் வாருங்கள். எந்நேரமும் 14416 என்ற டெலி மானஸ் எண்ணையும் அழைக்கலாம்.

மாத்திரையை எடுத்த இடத்தில் எதை வைப்பது? அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நாள்பட்ட உறக்கமின்மைக்கு முதல் சிகிச்சை மருந்தன்று, உறக்கப் பழக்கங்களையும் எண்ணங்களையும் சீராக்கும் நடத்தைச் சிகிச்சையே என்கிறது. மறு ஆண்டு அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம், உறக்கமின்மைக்கு டிராசோடோனைப் பயன்படுத்த வேண்டாம் எனப் பரிந்துரைத்தது. அச்சிகிச்சையின் அடிப்படைகள் எளியவை. எவ்வளவு மோசமான இரவாயினும் ஒரே நேரத்தில் எழுதல், இருபது நிமிடம் போல் உறக்கம் வராவிட்டால் படுக்கையை விட்டு எழுந்து, உறக்கம் வரும்போது மட்டும் திரும்புதல், பகலுறக்கத்தைத் தவிர்த்தல், பிற்பகலுக்குப் பின் காபியை விடுதல்.

உறக்கத்தைக் கெடுக்கும் காரணத்தையும் தேட வேண்டும். இரவில் நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுபவருக்குத் தேவை சர்க்கரைப் பரிசோதனை. உரத்த குறட்டையும் நடுவே மூச்சு நிற்பதும் உள்ளவருக்கு உறக்கப் பரிசோதனை. ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய வீட்டில் கனரக வாகன இரைச்சலோடும், ஏரிப்பக்கத்து வீட்டில் கொசுக்களோடும் படுப்பவர்களுக்கு, மாத்திரைக்கு முன் சன்னல் அடைப்பும் கொசுவலையும் தேவை. மெப்ஸ் வளாகத்தில் இரவுப் பணி முடித்து வருபவருக்கு இருட்டிய அறையும், பகலில் தொந்தரவு செய்யாத குடும்பமும் தேவை.

"சிறிய அளவுதானே, வேலை செய்கிறது, ஏன் நிறுத்த வேண்டும்?" என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. சிலருக்கு, குறிப்பாக நரம்பு வலி தொடர்பவர்களுக்கு, மருந்தைத் தொடர்வதே சரி. ஆனால் தொடர்வதும் ஆராய்ந்து எடுத்த முடிவாக இருக்க வேண்டும்; மறதியின் விளைவாக இருக்கக் கூடாது. கூட்டம் மிகுந்த புறநோயாளிப் பிரிவில் இதற்கெல்லாம் நேரமில்லை என்று என் துறையினர் சொல்லக்கூடும். "இன்ன காரணத்துக்கு, ஆறு வாரத்தில் மறுபடி பார்க்க" என்று ஒரு வரி எழுத அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தைச் சேமித்ததன் விலையை நான் ஓர் அம்மையாரின் வீழ்ச்சியில் கண்டேன்.

அவருக்கு மருந்தைக் குறைத்து முடிக்க ஏழு வாரங்கள் ஆயின. இரண்டாம் படியில் மூன்று இரவுகள் கடினமாக இருந்தன. மருமகள் உடன் அமர்ந்து பேசிக் கழித்தார். இப்போது ஐந்தரை மணி நேரம் உறங்குகிறார். "மாத்திரை போட்ட தூக்கம் மாதிரி இல்லை டாக்டர்" என்கிற குறை அவருக்கு இன்னும் உண்டு. நாவறட்சி நீங்கி, சோறு ருசிக்கிறது என்பதையும் அவரே சொன்னார்.

அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது மருந்துப் பையைக் கொண்டு வாருங்கள். ஒவ்வோர் அட்டையையும் காட்டி, "இது எதற்கு, எதுவரை, எப்படி நிறுத்துவது?" என்று கேளுங்கள். உங்கள் மருத்துவர் அதைக் குறையாகக் கொள்ள மாட்டார். கொண்டாலும், கேளுங்கள்.