மாடு எழுந்துவிட்டால் ஊசி போதுமா?

எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. மிளகும் பலாவும் விளைந்தாலும், அவசரச் செலவுக்குப் பல வீடுகளில் கைகொடுப்பது கொட்டகையில் நிற்கும் மாடும் பன்றியும்தான். அவை படுத்துவிட்டால் குடும்பமே படுத்த மாதிரி!

கறவை மாடுகளை அதிகம் வாட்டுவது மடிநோய். மடி வீங்கும், பால் திரிதிரியாக வரும். காம்புத் துளை வழியே நுழையும் பாக்டீரியாக்களே பெரும்பாலும் காரணம். மாடுகளுக்கு வரும் தொண்டை அடைப்பான், சப்பை நோய், பன்றிகளுக்குச் சிவந்த தடிப்புகளோடு வரும் எரிசிபெலஸ் காய்ச்சல் எல்லாமே பாக்டீரியாவின் கைவரிசைதான்.

இங்கேதான் ஆன்டிபயாடிக் வேலை செய்கிறது. பாக்டீரியாவைச் சுற்றி ஒரு சுவர் உண்டு. அந்தச் சுவரைக் கட்டவிடாமல் பென்சிலின் தடுக்கிறது. சுவர் பலவீனமாகி பாக்டீரியா வெடித்துச் சாகிறது. மாட்டின் செல்களுக்கு அப்படிச் சுவரே கிடையாது. அதனால் அவற்றுக்குச் சேதமில்லை. டெட்ராசைக்ளின் வேறு வழியில் போகிறது. பாக்டீரியா புரதம் தயாரிப்பதையே நிறுத்தி, அது பெருகாமல் செய்துவிடுகிறது.

ஆனால் கோமாரியும் பன்றிக் காய்ச்சலும் வைரஸ் நோய்கள். வைரஸை ஆன்டிபயாடிக் கொல்லாது. இவற்றுக்குத் தடுப்பூசிதான் கவசம். புண்ணில் பாக்டீரியா சேர்ந்துகொண்டால் மட்டும் மருத்துவர் ஆன்டிபயாடிக் தருவார்.

இரண்டு ஊசியில் மாடு எழுந்து தீவனம் தின்றதும், “போதும்” என்று நிறுத்துவதுதான் ஆபத்து. அரைகுறை மருந்தில் தப்பிய பாக்டீரியாக்கள் பெருகினால், அடுத்த முறை அதே மருந்து பலிக்காமல் போகலாம். அவை மனிதர்களுக்கும் பரவக்கூடும். மனிதர்களுக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கொலிஸ்டினை, உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குப் பயன்படுத்த இந்திய அரசு 2019-ல் தடை விதித்தது இதனால்தான்.

கவனிக்க வேண்டியவை:

* மருத்துவர் சொன்ன அளவு, சொன்ன நாள்வரை மருந்து கொடுங்கள். பழைய சீட்டைக் காட்டி நீங்களே வாங்காதீர்கள்.

* ஊசி போட்ட பிறகு எத்தனை நாள் பாலையும் இறைச்சியையும் தவிர்க்க வேண்டும் என்று கேளுங்கள். அதுவரை விற்கவும் வேண்டாம், வீட்டுக் குழந்தைக்குக் கொடுக்கவும் வேண்டாம்.

* கறப்பதற்கு முன்னும் பின்னும் மடியைச் சுத்தம் செய்யுங்கள். கறந்ததும் மாடு படுக்காமல் இருக்கத் தீவனம் போடுங்கள். காம்புத் துளை மூடச் சிறிது நேரமாகும்.

* அவசரத்துக்கு 1962 என்ற எண்ணை அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் உதவி கிடைக்கும்.

மருந்து மிச்சம் பிடிக்கிற பொருளல்ல. முழுசாகக் கொடுத்தால்தான் அடுத்த முறையும் அது கைகொடுக்கும்.