பள்ளிக்கு ஒரு படக்கருவி: எதைத் தேர்வது?



பெட்டாலிங் ஜெயா வட்டாரத்தில் ஆசிரியர்களும் பெற்றோருமாகச் சிலர் கூடி ஒரு நெடுங்காலப் பணியைத் தொடங்க எண்ணியுள்ளோம். முதலாம் ஆண்டில் சேரும் ஒவ்வொரு பிள்ளையையும் ஆறாம் ஆண்டு வரை, ஆண்டுக்கு ஒரு முறை, அதே சுவரின் முன், அதே தொலைவில் நிறுத்திக் கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் படமெடுக்க வேண்டும். இயன்றால் பெற்றோரையும் தாத்தா பாட்டியையும் உடன் எடுக்க வேண்டும். பதினைந்து ஆண்டுகளாவது இது தொடர வேண்டும் என்பது விருப்பம். சுருள் 120 வகை, அதாவது 'மீடியம் பார்மட்' என்பதில் எல்லாருக்கும் உடன்பாடு உண்டு. எந்தக் கேமரா என்பதில்தான் கருத்து வேறுபாடு. என் கருத்தை இங்கே வைக்கிறேன்.

கைப்பேசி இருக்கச் சுருள் எதற்கு என்று கேட்போருக்கு முதலில் ஒரு சொல். பெட்டாலிங் ஜெயா ரப்பர்த் தோட்டத்தின் மேல் எழுந்த நகரம். 1952இல் ஏறத்தாழ 1,200 ஏக்கர் எஃபிங்காம் தோட்டத்தில் இந்நகரை அமைக்கத் தொடங்கினர். இன்று பண்டார் உத்தாமாவில் எஃபிங்காம் தமிழ்ப்பள்ளி இருக்கிறது. கிளானா ஜெயாவில் சீபோர்ட் தமிழ்ப்பள்ளி இருக்கிறது. பெயர்கள் தோட்டத்துப் பெயர்கள், தோட்டங்கள் இல்லை. அங்கே பால் வெட்டியவர்களின் முகம் எப்படி இருந்தது என்று பேரப்பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். அடையாள அட்டைப் படத்தையோ ஒரு திருமணப் படத்தையோதான் காட்டுவார்கள். நம் தலைமுறையோ விளையாட்டுப் போட்டிக்கும் பொங்கல் விழாவுக்கும் ஆயிரக்கணக்கில் படமெடுத்து, கைப்பேசி பழுதானதும் யாவற்றையும் இழந்துவிடுகிறது. நெகட்டிவைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாலே உருவம் தெரியும். அதைத் திறக்கக் கடவுச்சொல் வேண்டியதில்லை.

இனிக் கேமராவுக்கு வருவோம். நண்பர்களில் சிலர் ஹாசல்பிளாட் வேண்டும் என்கின்றனர். 1957இல் வெளிவந்த 500சி, அதன் வழிவந்த 500சி/எம் ஆகியவற்றின் சிறப்பை நான் மறுக்கவில்லை. 2022ஆம் ஆண்டு ஹாசல்பிளாட் விருதைப் பெற்ற இந்திய ஒளிப்படக் கலைஞர் தயானிதா சிங்கின் சதுரப் படங்களைக் கண்டவர் எவரும் அக்கருவியைக் குறைத்துப் பேசமாட்டார். ஆனால் அது ஒருவர் கைக்குரிய கருவி. லென்ஸும் உடலும் தனித்தனியே இயக்கநிலையில் இருக்க வேண்டும். ஒன்று தளர்ந்திருக்க மற்றதை மாட்டினால் இரண்டும் பூட்டிக்கொள்ளும். ஆசிரியர்கள் இடமாற்றம் பெற்றுச் செல்வார்கள். பிள்ளை ஆறாம் ஆண்டு முடித்ததும் பெற்றோரும் விலகுவார்கள். பதினைந்து ஆண்டுகளில் எத்தனை கை மாறுமோ! அத்தனை பேரும் இந்த நுணுக்கத்தை நினைவில் வைத்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. விலையும் நம் நிலைக்கு மீறியது.

மாமியா ஆர்பி67 முழுக்க இயந்திர வகை, படமும் பெரிது. ஆனால் அது இரண்டரைக் கிலோவைத் தாண்டும். முக்காலியின்றித் தூக்கிப் பழகாத ஆசிரியைகள் முதல் நாளிலேயே வெறுத்துவிடுவார்கள். மாமியா 7 இலகுவானது, லென்ஸ் மிகக் கூர்மையானது. ஆயினும் அதன் ஷட்டர் மின்கலமின்றி இயங்காது. மின்னணுப் பாகம் கெட்டால் மாற்றுப் பாகத்துக்கு எங்கே போவது? பென்டாக்ஸ் 67க்கும் மின்கலம் வேண்டும். அதன் கண்ணாடி எழுப்பும் ஓசையில் ஏழு வயதுப் பிள்ளை திடுக்கிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளும்.

என் பரிந்துரை இரட்டைக் கண் கேமரா. ஸ்டூடியோக்காரர்கள் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார்களே, அதுவேதான். யாஷிகா மேட் 124ஜி (1970 முதல் 1986 வரை செய்யப்பட்டது) அல்லது நல்ல நிலையிலுள்ள ரோலைகார்டு போதும். யாஷிகாவில் ஒளியளவிக்கு மட்டுமே மின்கலம். அது செத்தாலும் ஷட்டர் இயங்கும். 80 மி.மீ. லென்ஸ், நொடிக்கு 1/500 வரை வேகம். ஒரு சுருளில் 12 சதுரப் படங்கள். சிறிய பள்ளியில் ஒரு வகுப்பு ஒரு சுருளில் அடங்கிவிடுவதும் உண்டு.

விலையும் எளிமையும் ஒருபுறமிருக்க, நான் இதை விரும்புவதற்கு முதன்மைக் காரணம் வேறு. இக்கருவியை நெஞ்சுக்குக் கீழே பிடித்து, மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும். வளர்ந்தவர் நின்றபடி அப்படிப் பிடிக்கும்போது, லென்ஸ் முதலாம் ஆண்டுப் பிள்ளையின் கண் மட்டத்துக்கு வந்துவிடுகிறது. பிள்ளையை மேலிருந்து கீழே நோக்கும் படங்களே நம்மிடம் மிகுதி; ஆசிரியர் பார்வையே அத்தகையது. இதில் பிள்ளை நேருக்கு நேர் நிற்கும். எடுப்பவரின் முகமும் கருவிக்குப் பின்னால் மறைவதில்லை, பேசிக்கொண்டே எடுக்கலாம். பிம்பம் இடவலமாக மாறித் தெரியும். ஒரு வாரத்தில் பழகிவிடும்.

அமெரிக்காவின் பபலோ நகரில் கண்ணாடி அளிக்கும் தொழில் செய்த மில்டன் ரோகோவின் இத்தகைய ரோலைஃபிளெக்ஸ் கருவியைக் கொண்டு 1972 முதல் ஏழைத் தொழிலாளர் பகுதி ஒன்றில் குடும்பங்களைப் படமெடுத்தார். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும், பின்னர் 2000ஐ ஒட்டியும் அவர்களையே தேடிச் சென்று மீண்டும் எடுத்தார். எடுத்தவர்களுக்கு அச்சுப்படியும் கொடுத்தார். இப்பழக்கத்தை நாமும் தவறாது கைக்கொள்ள வேண்டும். பெற்றோரின் எழுத்துமூல ஒப்புதலின்றி ஒரு பிள்ளையையும் எடுக்கக் கூடாது. எடுத்த படத்தின் முதல் அச்சு அவ்வீட்டுக்கே போக வேண்டும்.

குறையே இல்லையா என்றால், உண்டு. லென்ஸை மாற்ற இயலாது. முப்பது பேர் கொண்ட வகுப்பை நெருக்கமான அறைக்குள் ஒரே படத்தில் அடக்க முடியாது. திடலுக்குத்தான் போக வேண்டும். மிக அருகில் எடுத்தால், மேல் கண் காண்பதும் கீழ்க் கண் பதிவதும் சற்றே வேறுபடும். ஆண்டுதோறும் ஒரே தொலைவில் ஒரே கோணத்தில் எடுக்கும் நம் பணிக்கு இவை பெரிய தடைகள் அல்ல. லென்ஸ் மாறாதிருப்பது ஒப்பிட்டுப் பார்க்க நன்மையே.

கேமராவில் மிச்சமாகும் வெள்ளியைப் பாதுகாப்புக்குச் செலவிட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். நம் நாட்டு ஈரப்பதத்தில் லென்ஸுக்குள் பூஞ்சணம் படர அதிக நாள் வேண்டாம். பழைய கருவி வாங்கும்போது லென்ஸின் பின்னிருந்து கைவிளக்கை அடித்துப் பாருங்கள். சிலந்தி வலைபோல் தெரிந்தால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். ஈரம் நீக்கும் பெட்டி ஒன்றில் 40 முதல் 50 விழுக்காட்டு ஈரப்பதத்தில் கருவியை வைக்க வேண்டும். சுருள் கழுவும் மருந்து நீர் பொதுவாக 20 பாகை செல்சியசில் இருக்க வேண்டும். நம் குழாய் நீரோ முப்பதை நெருங்கும். ஆகவே பனிக்கட்டி கட்டாயம்.

நெகட்டிவும் சாகாவரம் பெற்றதன்று. அசிட்டேட் சுருள் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து புளிக்காடி வாடை வீசத் தொடங்கும். பள்ளிக் கிடங்கறையில் விளையாட்டுச் சாமான்களுக்கு நடுவே அட்டைப்பெட்டியில் போட்டுவைப்பதானால் இத்திட்டமே வேண்டாம். அமிலமற்ற உறை, குளிர்ந்த உலர்ந்த இடம், ஒவ்வோர் உறையிலும் பிள்ளையின் பெயர், ஆண்டு, எடுத்த நாள் ஆகியவற்றைத் தமிழில் பென்சிலால் எழுதிவைத்தல், கணினியில் வருடிய ஒரு படி வேறிடத்தில் இருத்தல் ஆகியவை வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் இரண்டு யாஷிகாக்கள் வாங்க முன்மொழியவிருக்கிறேன்: ஒன்று பயன்பாட்டுக்கு, மற்றொன்று அது பழுதாகும் நாளில் பாகங்களுக்கு. ஹாசல்பிளாட் அன்பர்கள் தங்கள் கணக்கை எடுத்து வரட்டும். சுருள் விலையையும் சேர்த்துப் போட்டுப் பார்ப்போம்.