சங்கத்திற்கு ஏற்ற காமிரா எது?

பட்டுச் சேலையைக் கையால் தடவிப் பார்த்து, கரையை விரித்து, முந்தானையை வெளிச்சத்தில் பிடித்து, அதன் பின்னரே விலை பேசுவது நம் நாட்டு வழக்கம். கடைக்குள் கண்ட நிறத்தை நம்பாமல், சேலையை வாசற்படிக்குக் கொண்டு சென்று பகல் வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துத் தெளிவது நம் பெண்மணிகளின் அனுபவ அறிவாகும். ஆனால் இன்று சேலை வாங்குவோரில் ஒரு பகுதியினர் காஞ்சிபுரத்திற்கு வருவதில்லை. கடை வாசலையும் மிதிப்பதில்லை. பெங்களூரிலோ, சிங்கப்பூரிலோ, லண்டனிலோ அமர்ந்தவாறே படத்தைப் பார்த்து வாங்குகின்றனர். 1935-ஆம் ஆண்டில் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் ஸ்தாபனமே இணையவழி விற்பனையை மேற்கொண்டுள்ளது. ஆகவே, தராசும் முழக்கோலும் போலக் காமிராவும் சங்கத்தின் தொழிற்கருவிகளுள் ஒன்றாகிவிட்டது. தராசு பொய் சொன்னால் எவ்வாறு பொறுக்கமாட்டோமோ, அவ்வாறே காமிரா பொய் சொன்னாலும் பொறுக்கலாகாது.

காமிரா வாங்க முற்படும் நிர்வாகக் குழுவின் முன் பெரும்பாலும் இரண்டு வழிகள் வைக்கப்படுகின்றன. ஒன்று, சில ஆண்டுகள் பழகிய, லென்ஸைக் கழற்றி மாட்டக்கூடிய டி.எஸ்.எல்.ஆர். காமிராவை வாங்குவது. மற்றொன்று, வெகுதூரப் பொருளையும் அருகில் இழுத்துக் காட்டும் ‘சூப்பர் ஜூம்’ காமிராவைப் புதிதாக வாங்குவது. கைக்கடக்கமான காமிராவுக்கும் டி.எஸ்.எல்.ஆருக்கும் இடைப்பட்டது என்பதால் பின்னதைப் ‘பிரிட்ஜ்’ காமிரா என்றும் வழங்குகின்றனர். “எண்பது மடங்கு ஜூம்” என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் குழுவினரின் உள்ளம் பின்னதன் பக்கம் சாய்வது இயற்கையே. புதியது, உத்தரவாதம் உடையது, எண்ணும் பெரியது. எனினும், சேலையைப் படமெடுப்பதே முதற்பணி என்றால், பழைய டி.எஸ்.எல்.ஆரே சங்கத்திற்கு ஏற்றது என்பது என் அபிப்பிராயம். அதற்குரிய காரணங்களை அங்கத்தினர் முன் வைக்க விரும்புகிறேன்.

எடுத்துக்காட்டாக இரு காமிராக்களைக் கொள்வோம். 2008-இல் வெளிவந்த நிக்கான் டி90 என்பது டி.எஸ்.எல்.ஆர். வகையைச் சார்ந்தது, 12 மெகாபிக்சல் உடையது. 2015-இல் வெளிவந்த நிக்கான் கூல்பிக்ஸ் பி900 சூப்பர் ஜூம் வகையைச் சார்ந்தது. 16 மெகாபிக்சலும் 83 மடங்கு ஜூமும் உடையது. எண்ணை மட்டும் நோக்கின் பின்னதே மேலானது போலத் தோன்றும். ஆனால் காமிராவின் உள்ளே ஒளியை வாங்கிக்கொள்ளும் சென்சார் என்னும் தகட்டின் அளவை நோக்க வேண்டும். டி90-இன் தகடு 23.6 மி.மீ. நீளமும் 15.8 மி.மீ. அகலமும் உடையது. பி900-இன் தகடோ 6.17 மி.மீ. நீளமும் 4.55 மி.மீ. அகலமுமே உடையது. பரப்பைக் கணக்கிட்டால் முன்னது பின்னதைப் போல ஏறத்தாழ 13 மடங்கு பெரிது. அச்சிறிய தகட்டில் 16 மெகாபிக்சல்களை நெருக்கி அடைத்திருப்பதால், ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கும் இடம் டி90-இல் கிடைப்பதில் ஏறத்தாழ 17-இல் ஒரு பங்கே ஆகும்.

மழை பெய்கையில் முற்றத்தில் அகன்ற அண்டா ஒன்றையும் குறுகிய வாயுள்ள செம்பு ஒன்றையும் வைத்தால், எதில் அதிக நீர் சேரும் என்பதை விளக்க வேண்டியதில்லை. சென்சாருக்கும் ஒளிக்கும் உள்ள தொடர்பு இத்தகையதே. ஒளி குறைவாகச் சேர்ந்தால் படத்தின் நிழற்பகுதிகளில் மணல் தூவினாற்போன்ற புள்ளிகள் தோன்றும். அவற்றை மறைக்கும் பொருட்டுக் காமிரா தானே படத்தை மழுப்பிவிடும். அவ்வாறு மழுப்பும்போது முதலில் மறைவது எது? பட்டின் இழையமைப்பே. வைர ஊசிக் கோடுகள் ஒன்றோடொன்று கலந்து பட்டையாகிவிடும். சிறு புட்டாக்களின் விளிம்பு கரைந்துவிடும். நெசவாளர் நாட்கணக்கில் கண்ணைச் செலுத்திச் செய்த வேலை ஒரு விநாடியில் அழிந்துபோகிறது.

பிரகாசமான வெளிச்சத்தில், ஸ்டாண்டில் வைத்து எடுத்தால் இவ்வேறுபாடு பெரிதும் குறையும் என்று அனுபவமுள்ள அன்பர்கள் கூறுவர். அது உண்மையே. ஆயினும் காஞ்சிப் பட்டுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. ஆழ்ந்த அரக்கு நிறத்தை ஒட்டியே பளபளக்கும் ஜரிகைக் கரை அமைந்திருக்கும். மிக இருண்டதும் மிக ஒளிர்வதும் ஒரே சட்டத்திற்குள் அடுத்தடுத்து இருக்கின்றன. சிறிய தகடு இவ்விரண்டையும் ஒருங்கே தாங்காது. ஜரிகை தெரியும்படி எடுத்தால் உடல் கறுத்துவிடும். உடல் தெரியும்படி எடுத்தால் ஜரிகை வெண்ணிறப் பட்டையாகி, தங்கமும் வெள்ளியும் தகரம் போலத் தோன்றும். பெரிய தகடு இவ்விடத்தில்தான் தன் தகுதியைக் காட்டுகிறது.

மேலும், டி90 காட்சியை ‘ரா’ எனப்படும் மூலப் பதிவாகவே சேமிக்கவல்லது. நிறம் சற்றே பிசகியிருந்தாலும், சேலையை அருகில் வைத்துக்கொண்டு கணிப்பொறியில் ஒப்பிட்டுத் திருத்தலாம். பி900-இல் இவ்வசதி இல்லை. காமிரா தன் விருப்பப்படி முடித்த படத்தையே தரும். வெளி பிளாஷ் விளக்கை மாட்டும் இடமும் அதில் இல்லை. 2020-இல் வந்த பி950-இல் இவ்விரு குறைகளும் நீக்கப்பட்டுள்ளன என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் அதிலும் தகட்டின் அளவு பெருகவில்லை.

நிற்க. சூப்பர் ஜூம் காமிராவுக்கு வேலையே இல்லை என்று கூறுவது என் நோக்கமன்று. ஏகாம்பரநாதர் கோயிலின் ராஜகோபுரம் 1509-இல் கிருஷ்ணதேவராயரால் எடுக்கப்பட்டது. ஏறத்தாழ 190 அடி உயரமுடையது. அதன் மேல்நிலைச் சுதை உருவங்களைத் தரையிலிருந்து காண்பது வெறுங்கண்ணுக்கு அரிது. பி900-இன் ஜூமை முழுவதும் நீட்டினால், 100 மீட்டர் தொலைவிலிருந்து 1.8 மீட்டர் அகலமுள்ள பகுதி மட்டும் படம் முழுவதையும் நிரப்பும். டி90-உடன் விற்கப்பட்ட 18–105 மி.மீ. லென்ஸில் அதே தொலைவிலிருந்து 22 மீட்டருக்கு மேற்பட்ட அகலம் சேர்ந்தே வரும். யாளியும் அன்னமும் மயிலும் கோயிலிலிருந்து சேலைக்கு வந்தவை. புதிய டிசைன் வரைவோர் கோபுரத்து உருவங்களைத் துல்லியமாகப் பார்த்து வரைவதற்குச் சூப்பர் ஜூம் நல்ல துணையாகும்.

பயிரிடும் அங்கத்தினருக்கோ அதுவே மிகப் பொருத்தமானது என்பேன். நிலக்கடலை இலையில் விழும் புள்ளியையும், நெற்பயிரின் குலைநோய்த் தழும்பையும் வேளாண்மை அதிகாரிக்குக் காட்ட வேண்டுமாயின், மிக அருகில் சென்று எடுக்க வேண்டும். பி900 ஒரு சென்டிமீட்டர் நெருக்கத்திலும் குவியும், டி.எஸ்.எல்.ஆரில் அதற்குத் தனி லென்ஸ் தேவைப்படும். ஏரிக்கரையில் நின்றபடியே எதிர்க்கரை மதகின் பழுதைப் படமெடுக்கலாம். லென்ஸைக் கழற்றும் வேலை இல்லாததால் வயலின் புழுதி உள்ளே புகும் அபாயமும் குறைவு. வயலில் பகலொளிக்குப் பஞ்சமில்லை. ஜரிகையின் தொல்லையும் இல்லை. ஆகவே கருவியின் நன்மை தீமை, அதனிடம் நாம் கேட்கும் வேலையைப் பொறுத்ததே. கரும்பு வெட்டும் கத்தியைக் கொண்டு இழை நறுக்குவாரில்லை.

டி.எஸ்.எல்.ஆரின் குறைகளையும் மறைக்கலாகாது. அது பழைய இயந்திரம். டி90-இன் ஷட்டர் ஒரு லட்சம் முறை இயங்கும் வகையில் சோதிக்கப்பட்டது. வாங்கும் காமிரா அதில் எவ்வளவைக் கடந்துள்ளது என்பதைக் கட்டாயம் அறிய வேண்டும். உதிரிப் பாகங்கள் காலப்போக்கில் அரிதாகும். தறிக்கூடத்தில் லென்ஸைக் கழற்றினால் பட்டுத் தூசு தகட்டில் படிந்து, ஒவ்வொரு படத்திலும் கறையாகத் தெரியும். பெரிய தகட்டில் குவியும் ஆழம் குறைவு என்பதால், மடித்து வைத்த சேலையின் முன்மடிப்பு தெளிவாகவும் பின்மடிப்பு மங்கலாகவும் விழக்கூடும். துவாரத்தைச் சுருக்கி, ஸ்டாண்டில் வைத்து எடுத்தால் இக்குறை நீங்கும். எனினும் ஒரு பெரும் வசதி உண்டு. நிக்கானின் லென்ஸ் பொருத்தும் முறை 1959-இல் தோன்றி, அதன் டி.எஸ்.எல்.ஆர். காமிராக்கள் வரை தொடர்ந்து வந்தது. ஆகையால் பயன்படுத்தப்பட்ட நல்ல லென்ஸ்கள் பல கிடைக்கின்றன. உடல் பழுதானாலும் லென்ஸ் சங்கத்தின் சொத்தாக நிற்கும்.

“கையில் மொபைல் போன் இருக்கக் காமிரா எதற்கு?” என்று இளைய அங்கத்தினர் வினவலாம். செய்தி அனுப்பவும், தறியில் இருக்கும் சேலையை உடனே காட்டவும் மொபைல் போதும். ஆனால் பல மொபைல்கள் படத்தைக் கண்ணுக்கு இனிமையாக்கும் நோக்கத்துடன் நிறத்தைத் தாமே கூட்டிவிடுகின்றன. மயில் கழுத்து நிறத்தில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். பார்க்கும் கோணத்திற்கேற்ப அது மாறும். அதை ஒரே பளீர் நீலமாக்கி அனுப்பிவிட்டால், பெட்டியைப் பிரித்த வாடிக்கையாளர் என்ன எண்ணுவார்? சேலை திரும்பி வரும். போக்குவரத்துச் செலவு சங்கத்தின் கணக்கில் ஏறும். பிரித்து மடித்த சேலை புதுச்சேலையின் மதிப்பை இழக்கும். தேங்கிய சரக்கு பெருகப் பெருக, அடுத்த பாவு கொடுப்பது தாமதமாகும். படத்தில் நேர்ந்த பிழைக்கு, படமே எடுக்காத நெசவாளர் கூலியிழக்கிறார். இது நீதியன்று.

காமிராவைக் காட்டிலும் முக்கியமானது ஒளி என்பதையும் இங்கே வற்புறுத்த வேண்டும். எந்தக் காமிராவின் முகப்பு பிளாஷும் ஜரிகையை எரித்துவிடும். அதை அணைத்துவிட வேண்டும். ஒரே வகை விளக்குகள் இரண்டை இரு புறமும் சாய்வாக வைத்து, வெள்ளைத் துணியால் ஒளியை மென்மையாக்க வேண்டும். சன்னல் வெளிச்சத்தையும் டியூப்லைட்டையும் கலக்கலாகாது. சட்டம் முழுதும் மாம்பழ மஞ்சளோ அரக்கோ நிறைந்திருந்தால், காமிரா அதை வெளிச்சத்தின் குறை என்று எண்ணி நிறத்தை மாற்றிவிடும். ஆகவே சாம்பல் நிற அட்டையொன்றை வைத்து வெண்மையை முதலில் நிர்ணயிக்க வேண்டும். குங்குமச் சிவப்பில் மடிப்புகளின் விவரம் அழியாதிருக்க, வெளிச்சத்தைச் சற்றே குறைத்து எடுப்பது நலம். ஒதுக்கிய தொகையில் முதற்பங்கு ஸ்டாண்டுக்கும் விளக்குக்கும் செல்லட்டும். மீதத்தில் காமிரா வாங்குவோம்.

ஒவ்வொரு சேலைக்கும் நான்கு படங்கள் வேண்டும் என்பது என் யோசனை. முழுச்சேலை ஒன்று, முந்தானை ஒன்று, உடலும் கரையும் கூடும் கோர்வையின் முன்புறம் ஒன்று, அதே இடத்தின் பின்புறம் ஒன்று. காஞ்சிபுரம் பட்டு 2005–06-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அக்குறியீட்டின் மதிப்பைக் காப்பது ஏட்டிலுள்ள பதிவு மட்டுமன்று; உடலையும் கரையையும் தனித்தனி நாடாவால் நெய்து பிணைக்கும் கைவேலையே அதன் உயிர். அப்பிணைப்பைச் சேலையின் மறுபுறத்தில் காணலாம். முன்புறத்தை மட்டும் காட்டி விற்கப்படும் போலிகள் மலிந்த இக்காலத்தில், மறுபுறத்தையும் துணிந்து காட்டுவது சங்கத்திற்குப் பெருமையாகும். அப்படத்தில் இழை இழையாகத் தெரிய வேண்டும் என்பதனாலேயே நல்ல தகடும் நல்ல லென்ஸும் வேண்டும் என்கிறேன்.

வாங்கும் முறை குறித்துச் சில சொற்கள். பயன்படுத்திய காமிரா என்பதால் ரசீதின்றி, அறிமுகமற்றவரிடம் வாங்குவது தணிக்கை ஆட்சேபணைக்கு இடமளிக்கும். குழுவின் தீர்மானம், விலைப்புள்ளிகள், முறையான ரசீது, இருப்புப் பதிவேட்டில் காமிராவின் எண், லென்ஸுக்குத் தனிப்பதிவு ஆகிய யாவும் இருத்தல் வேண்டும். தீர்மானத்திற்கு முன் ஒரு சோதனை செய்க. இரு வகைக் காமிராக்களையும் ஒரு நாளைக்கு வரவழைத்து, ஒரே அரக்குச் சேலையை ஒரே ஒளியில் எடுத்து, படங்களைத் திரையில் பெரிதாக்கி, சேலையை அருகில் விரித்து வையுங்கள். எந்தப் படம் எந்தக் காமிராவினது என்று சொல்லாமல், அச்சேலையை நெய்தவரையும் அதற்குச் சாயமிட்டவரையும் அழைத்துக் கேளுங்கள். அவர்களுடைய கண் விளம்பரத்திற்கு மயங்காது. அவர்கள் என் அபிப்பிராயத்திற்கு மாறாகத் தீர்ப்புக் கூறினால், அத்தீர்ப்பையே குழு ஏற்க வேண்டும்.

கூட்டுறவு என்பது நம்பிக்கையின்மீது எழுப்பப்பட்ட ஸ்தாபனம். பார்க்காமல் பணம் அனுப்பும் ஒருவர், முகமறியாத நெசவாளரை நம்புகிறார். அந்த நம்பிக்கைக்கு உள்ளது உள்ளபடி காட்டும் படமே ஈடாகும். உள்ளதைக் காட்டிலும் அழகாகக் காட்ட வேண்டிய அவசியம் காஞ்சிப் பட்டுக்கு இல்லை. காமிரா வாங்கும் தீர்மானம் அடுத்த கூட்டத்தில் வருமாயின், அங்கத்தினர்கள் “எத்தனை மடங்கு ஜூம்?” என்று கேட்பதற்கு முன், “நம் அரக்கு இதில் அரக்காகவே தெரியுமா?” என்று கேட்பார்களாக.