பெயரைச் சொல்லுங்கள், வசையாக்காதீர்கள்

“அந்தப் பொண்ணு பார்டர்லைன் கேஸ்.” மருத்துவமனைத் தாழ்வாரங்களில் இந்தச் சொல் பல வேளைகளில் ‘தொல்லை பிடித்தவர்’ என்ற பொருளில்தான் புழங்குகிறது. எல்லைக்கோட்டு (பார்டர்லைன்) ஆளுமைக் கோளாறு குறித்த புனே மனநல அமைப்பு ஒன்றின் நிலைப்பாடு இங்கேதான் தொடங்குகிறது.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உருவானதில் புனேவுக்கும் பங்குண்டு. அங்குள்ள இந்திய சட்டச் சங்கத்தின் மனநலச் சட்ட மையம் அதன் வரைவில் உழைத்தது. ஊர் வழக்கத்துக்கு ஒத்துப்போகாததையே காரணமாக்கி ஒருவருக்கு மனநோய் என்று முடிவுகட்டக் கூடாது என்கிறது 3-ஆவது பிரிவு. ஆக, வீட்டை எதிர்த்துக் காதலித்த பெண்ணுக்கு இந்த முத்திரையைக் குத்தக் கூடாது. கைவிட்டுவிடுவார்களோ என்ற பேரச்சம், நிலைகொள்ளாத உறவுகள், தன்னைக் காயப்படுத்திக்கொள்ளுதல், ஓயாத வெறுமை என ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து நெடுநாளாக இருக்க வேண்டும் என்பது அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் அளவுகோல். பத்து நிமிட ஓ.பி.யில் இது பிடிபடாது. இருமுனைக் கோளாறு என்று எழுதிவிடுவதும் உண்டு. அதில் ஒரு மனநிலை நாள்கணக்கில், வாரக்கணக்கில் நீடிக்கும். இதிலோ மனநிலை புரள, பதில் வராத ஒரு போன் அழைப்பே போதும்.

கண்டறிந்ததை நோயாளியிடம் சொல்லியாக வேண்டும். அவருக்குப் புரியும் மொழியில் என்கிறது அதே சட்டத்தின் 22-ஆவது பிரிவு. புனேயின் ஹிஞ்சவடியில் வேலைபார்க்கும், மராத்தி தெரியாத தமிழருக்கு அந்த மொழியில் சொன்னால் கணக்கில் சேராது.

இந்தக் கோளாறுக்கென்றே மாத்திரை தர வேண்டாம் என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2009-லேயே சொன்னது. உடன்வரும் மனச்சோர்வுக்கு மருந்து வேண்டியிருக்கலாம். மையமாக நிற்பது பேச்சுவழிச் சிகிச்சை. அவற்றுள் ஒன்றான டி.பி.டி. (இயங்கியல் நடத்தைச் சிகிச்சை) முறையை வகுத்த மார்ஷா லினஹன், இளவயதில் தானும் மனநல மருத்துவமனையில் கிடந்தவர் என்பதை 2011-ல் வெளிப்படையாகச் சொன்னார். அமெரிக்காவின் மெக்லீன் மருத்துவமனை இந்தக் கோளாறு உள்ளவர்களிடம் நடத்திய பத்தாண்டு ஆய்வில் 93 விழுக்காட்டினருக்கு அறிகுறிகள் இரண்டு ஆண்டுகளாவது தணிந்திருந்தன. வேலை, உறவு என வாழ்க்கை முழுதாகக் கைகூடியது பாதிப் பேருக்குத்தான். அந்த மீதிப் பாதியைப் பற்றி மருந்துச்சீட்டு எதுவும் பேசுவதில்லை.

ஏரவாடா மனநல மருத்துவமனையில் படுக்கைகள் ஆயிரக்கணக்கில். ஆனால் இந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு வேண்டியது, வாரம் ஒருமுறை ஓராண்டாவது அதே சிகிச்சையாளரைப் பார்க்கும் ஏற்பாடு. அதை அரசு மருத்துவமனைகள் தர வேண்டும் என்று அமைப்பு கோருகிறது. தற்கொலைக்கு முயன்று அவசரப் பிரிவுக்கு வருபவரை ‘கவனம் தேடுகிறார்’ என்று அனுப்பிவிடாமல், அடுத்த சந்திப்பின் தேதியையும் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி-மனாஸின் எண் 14416-ஐயும் அங்கேயே எழுதித் தர வேண்டும்.