நூலும் கூலியும்

நூல் என்னும் சொல் ஏட்டையும் குறிக்கும், இழையையும் குறிக்கும் என்பதைத் தமிழ் பயில்வோர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பனுவல் என்பதும் அவ்வாறே. நன்னூலின் பாயிரத்தில் சொல்லைப் பஞ்சாகவும், புலவனை நூல் நூற்கும் பெண்ணாகவும், அவன் வாயை அவள் கையாகவும், அறிவைக் கதிராகவும் காட்டும் வெண்பா ஒன்று உண்டு. ஆண்டுதோறும் வகுப்பறையில் அதனை நயம்பட விளக்கிவிட்டு அடுத்த பகுதிக்குச் சென்றுவிடுகிறோம். அந்த நூற்கும் பெண்ணுக்கு என்ன கூலி கிடைத்தது என்று எந்த மாணவரும் கேட்டதில்லை. நாமும் கேட்கத் தூண்டியதில்லை.

இவ்வினா நம் உள்ளத்தில் எழுந்தது ஒரு கடைவாசலில். மதுரை விளக்குத்தூணைச் சூழ்ந்த தெருக்கள் துணிக்கும் நூலுக்கும் பெயர் பெற்றவை. அவற்றுள் ஒன்றில், தையல் நூல், சரிகை, பித்தான், எம்பிராய்டரி நூல் ஆகியவற்றோடு உல்லன் நூலும் விற்கும் சிறு கடை ஒன்றுண்டு. எம் துறை மாணவியர் சிலர் கைவினைக் கண்காட்சிக்கு நூல் வாங்கச் சென்றபோது நாமும் உடன் சென்றோம். கடையின் உட்புறம் கிடந்த நீள விசிப்பலகையில் ஏழெட்டுப் பெண்கள் அமர்ந்து பின்னிக்கொண்டிருந்தனர். தலையில் முக்காடிட்ட மூதாட்டி ஒருவர், அருகிருந்த சௌராட்டிரப் பெண்ணுக்குக் குரோஷா ஊசியைப் பிடிக்கும் முறையைத் திருத்திக்கொண்டிருந்தார். 'லாத்தா, எனக்கும் ஒருமுறை காட்டுங்கள்' என்று எம் மாணவி ஒருத்தி கேட்க, மறுமொழி கூறாமல் சற்று நகர்ந்து இடம் கொடுத்தார். கட்டணம் இல்லை, வருகைப் பதிவேடு இல்லை, தேர்வும் இல்லை. ஒருவர் கை பார்த்து ஒருவர் கற்கும் அத்தகைய பள்ளியை எந்தப் பல்கலைக்கழகமும் இனித்தான் காண வேண்டும்.

அவர்கள் பின்னியவை பலவகை. பச்சிளங் குழந்தைக்கு மேற்சட்டை, காலுறை, குல்லாய்; வாசற்படிக்குத் தோரணம்; தொலைபேசி வைக்கும் சிறு பை. மூதாட்டியின் கையில் இருந்ததோ வெண்பருத்தி நூலில் வட்டவட்டமாக வளர்ந்துகொண்டிருந்த தொழுகைத் தொப்பி. வெள்ளிக்கிழமைதோறும் நாம் தலையில் அணிந்து செல்லும் அப்பொருள் ஒரு கண்ணுக்கு அடுத்த கண்ணாக இவ்வாறுதான் உருவாகிறது என்பதை அன்றுதான் உற்றுநோக்கினோம்.

வெயில் கொளுத்தும் மதுரையில் கம்பளி எதற்கு என்று நண்பர்கள் நகைப்பதுண்டு. நகைப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. இச்சமவெளியில் அறுவடை முடிந்த வயல்களில் கிடை போடும் ஆடுகள் பெரும்பாலும் மயிராடுகளே. கீழக்கரிசல், வேம்பூர், இராமநாதபுரம் வெள்ளை ஆகிய இனங்கள் இறைச்சிக்கும் எருவுக்கும் உதவுமேயன்றி, அவற்றின் மயிர் நூலுக்கு உதவாது. கம்பளி தரும் ஆடு வேண்டுமாயின் கோயம்புத்தூர் இனத்தையோ நீலகிரி இனத்தையோ நாடவேண்டும். ஆனால் நம் கடைகளில் 'உல்லன்' என்று கேட்டு வாங்கும் நூலில் பெரும்பகுதி ஆட்டின் மேனியைக் கண்டதே இல்லை. உறையின் சீட்டைத் திருப்பிப் பாருங்கள்: அக்ரிலிக் என்றிருக்கும். பெட்ரோலியத்திலிருந்து பெறும் வேதிப்பொருளால் ஆன செயற்கை இழை அது. விலை மலிவு, நிறம் மங்காது, அந்துப்பூச்சி அரிக்காது என்பன அதன் சிறப்புகள். வியர்வையை ஈர்க்காது என்பது குறை. இவ்வூர்க் குழந்தைகளுக்குப் பருத்தி நூலில் பின்னுவதே தக்கது என்பது எம் கருத்து. அக்கடையிலும் அதனைச் சொல்லிவைத்தோம். 'அக்ரிலிக்கில்தானே இத்தனை நிறம் கிடைக்கிறது' என்றார் ஒரு பெண். அதற்கு எம்மிடம் விடையில்லை.

நாம் அங்கிருந்த வேளையில் ஒரு வணிகர் வந்தார். பின்னி முடித்த குல்லாய்களை எண்ணி வாங்கிக்கொண்டு பணம் கொடுத்தார். நூல் அவருடையது, கூலி மட்டும் இவர்களுக்கு. ஒரு குல்லாய்க்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்று ஒரு பெண்ணிடம் வினவினோம். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. எண்ணிப் பார்த்ததில்லை என்றார். மாணவியர் அவருடன் அமர்ந்து கணக்கிட்டபோது ஏறத்தாழ ஆறு மணி நேரம் என்று தெரிந்தது. கிடைத்த கூலியோ 60 ரூபாய். மணிக்குப் பத்து ரூபாய்! 2024-25ஆம் ஆண்டில் நம் மாநிலத்தில் நூறுநாள் வேலைத் திட்டத்துக்கு அறிவிக்கப்பட்ட நாட்கூலியே 319 ரூபாய். இதனை வணிகரிடம் பணிவுடன் எடுத்துரைத்தோம். 'வீட்டில் சும்மா இருக்கிற நேரத்தில் பின்னுவதுதானே, சார்' என்றார் அவர். கடுமையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அந்தச் 'சும்மா' என்னும் சொல்லின்மீதுதான் எமக்கு வழக்கு. அது பழஞ்சொல். கால்டுவெல் ஐயரின் ஒப்பிலக்கணத்தைப் பாடமாகப் படிக்கும் நாம், அவருடைய துணைவியார் எலிசா அம்மையார் இடையன்குடியில் பெண்களுக்குச் சரிகைப்பின்னல், அதாவது லேஸ் பின்னக் கற்பித்ததைப் படிப்பதில்லை. அவருடைய அன்னையார் மார்த்தா மால்ட் அதற்கு முன்னரே, 1820களில், நாகர்கோவிலில் அத்தொழிலைத் தொடங்கியவர். அக்காலத் திருவிதாங்கூரில் அடிமைநிலையில் இருந்த பெண்கள் சிலர் லேஸ் பின்னி ஈட்டிய பொருளைக் கொண்டு தம் விடுதலையை விலைக்கு வாங்கினர் என்பது வரலாறு. பின்னலுக்கு உரிய விலை கிடைத்தால் அது எதனையெல்லாம் வாங்கவல்லது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மறுபுறமும் உண்டு. ஆந்திரத்தின் நரசாப்பூரிலும் சமயப் பணியாளர்கள் வழியாகவே குரோஷா லேஸ் பரவியது; அயல்நாடுகளுக்கு ஏற்றுமதியும் ஆயிற்று. செருமானியச் சமூகவியலறிஞர் மரியா மீஸ் அங்குச் சென்று ஆராய்ந்து 1982இல் வெளியிட்ட நூல் உலகறிந்தது. வீட்டு வேலைகளுக்கு இடையே நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் வரை பின்னிய பெண்கள் 'இல்லத்தரசிகள்' எனவும், அவர்தம் உழைப்பு 'ஓய்வுநேர வேலை' எனவும் அழைக்கப்பட்டனர்; கூலி வயல்வேலைக் கூலிக்கும் கீழே தாழ்ந்தது; வாணிகமோ பெரிதும் ஆடவர் கையில் இருந்தது. உழைப்பு என்ற பெயரை ஒன்றிலிருந்து நீக்கிவிட்டால் கூலியைக் குறைப்பது எளிது. விளக்குத்தூண் வணிகர் அந்நூலைப் படித்திரார். ஆயினும் அதன் சாரத்தை ஒரே சொல்லில் உரைத்துவிட்டார்.

அப்படியாயின் எல்லாவற்றுக்கும் விலை பேசச் சொல்கிறோமா என்று கேட்கலாம். அன்று. 2016 சனவரி 31ஆம் நாள் சென்னையில் 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' என்னும் குழுவினர், பல ஊர்ப் பெண்கள் தத்தம் வீட்டில் பின்னியனுப்பிய துண்டுகளை இணைத்து, 11,148 சதுர மீட்டர் பரப்புள்ள போர்வையை விரித்து உலகச் சாதனை நிகழ்த்தினர். பின்னர் அது பிரிக்கப்பட்டு எளியோர்க்குப் போர்வைகளாக வழங்கப்பட்டது. அதற்கு எவரும் கூலி கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. கொடுப்பவர் தாமே மனமுவந்து கொடுப்பது கொடை. மற்றொருவர் விற்று ஆதாயம் பெறும் பொருளில் இவர் உழைப்பை மட்டும் கொடையாகக் கருதுவது வேறு. இவ்விரண்டையும் ஒரே கூடையில் இடலாகாது.

நம் சமுதாயப் பெரியோர் சிலர், வீட்டில் இருந்தபடியே கண்ணியமாகச் செய்யும் தொழில் என இதனைப் பாராட்டுவர். கண்ணியம் என்பதில் ஐயமில்லை. ஆனால், வாசலைத் தாண்டாத தொழில் என்பதனாலேயே சந்தை விலை தெரியாமற் போகிறது. தனித்தனி வீட்டில் இருப்பவர் ஒவ்வொருவரும், தமக்கு மட்டும்தான் இவ்வளவு குறைவோ என எண்ணி வாய் திறப்பதில்லை. மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நகரமே மகிழ்ந்தது. அச்சேலையின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு முடிச்சு; அம்முடிச்சைப் போட்டவர் வீட்டுத் திண்ணையில் இருந்த ஒரு பெண். குறியீடு சேலைக்குக் கிடைத்தது. அந்த விரலுக்கு என்ன கிடைத்தது என்பதனைச் சுங்குடி விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். ஆதலின் கடையின் விசிப்பலகை எமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. பின்னலைக் கற்கும் இடத்திலேயே, ஒருவர் பெறும் கூலியை மற்றவர் அறியவும் வழி பிறக்கிறது.

எம் துறை செய்தது மிகச் சிறிது. கண்காட்சியில் வைத்த ஒவ்வொரு பொருளிலும் விலைச்சீட்டோடு மற்றொரு சீட்டையும் தைத்தோம். அதில் பின்னுவதற்கு ஆன மணிநேரம் எழுதப்பட்டிருந்தது. அதன்படி விலை வைத்தபோது சில பொருள்கள் விலைபோகவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். 'ஒரு தொப்பிக்கு இவ்வளவா?' என்று வியந்து திரும்பியோரும் உளர்; அவருள் எம் பேராசிரியர் இருவர்! எனினும் சீட்டைப் படித்தபின் ஒருவரும் பேரம் பேசவில்லை. கல்லூரி முன்னின்று ஆண்டுக்கு ஒருமுறையேனும் இத்தகைய சந்தையை நடத்தவும், மசூதிகளுக்கும் மதரசாக்களுக்கும் மொத்தமாகத் தொப்பி வாங்கும் பெரியோர் அவற்றை நேரே பின்னுவோரிடமிருந்து பெறவும் வேண்டுகிறோம்.

சென்ற மாதம் மீண்டும் அக்கடைக்குச் சென்றோம். மூதாட்டி அதே பலகையில் இருந்தார். அவர் அருகே நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்று. எழுத அறியாத அவர், அரைமணிக்கு ஒரு கோடாக அதில் கிழித்துவைத்திருந்தார். 'பிள்ளைகள் சொன்னார்களே' என்றார். வணிகர் அதனைப் பார்த்தாரா என்று கேட்டோம். 'பார்த்தார். இந்தத் தடவை இருபது ரூபாய் கூட்டிக் கொடுத்தார்' என்று சொல்லிவிட்டு, விட்ட கண்ணிலிருந்து பின்னலைத் தொடர்ந்தார்.