நான்காம் இடத்தில் ஒரு மாநிலம்

ஊரில் யாருடைய வளவு பெரிது, யாருடைய களத்தில் நெல் அதிகம் குவிந்தது என்று அளந்து பார்ப்பது மனிதனுக்குப் பழகிப்போன குணம். குடும்பங்களுக்கிடையே நிகழும் இவ்வளவையை அரசுகளும் தமக்குள்ளே நடத்துகின்றன. சர்வதேச நாணய நிதியம் உலக நாடுகளின் உற்பத்தியை டொலரிற் கணக்கிட்டு வெளியிட, முந்தியவர் யார், பிந்தியவர் யார் என்று பத்திரிகைகள் நிரல் வகுக்கின்றன. அந்நிரலிலே 2025 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் ஒரு புதுமை நிகழ்ந்தது. நாடே அல்லாத ஒன்று நாடுகளின் வரிசையில் நான்காம் இடத்திற் கொண்டுவந்து நிறுத்தப்பட்டது.

ஐக்கிய அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள கலிபோர்னியா மாநிலமே அது. அப்பொழுது வெளியான கணக்கின்படி, 2024 ஆம் ஆண்டில் அதன் மொத்த உற்பத்தி ஏறக்குறைய 4.1 இலட்சம் கோடி டொலர். அதே ஆண்டில் ஜப்பான் முழுவதினதும் உற்பத்தி 4.02 இலட்சம் கோடி டொலர். ஐக்கிய அமெரிக்கா, சீனா, ஜேர்மனி ஆகிய மூன்று நாடுகளே கலிபோர்னியாவுக்கு முன்னே நின்றன. மாநில ஆளுநர் கவின் நியூசம் இச்செய்தியைப் பெருமையோடு அறிவித்தார். கலிபோர்னியாவின் சனத்தொகை 3 கோடி 90 இலட்சம் அளவு. ஜப்பானின் சனத்தொகையோ 12 கோடிக்கு மேல். மூன்றிலொரு பங்கு மக்கள் ஒரு பெருநாட்டையே விஞ்சினர் என்றால் வியப்பு எழாதிருக்குமா?

வியப்பது தவறன்று. ஆயினும் வியந்த பின்னர் விசாரித்தலும் வேண்டும். இவ்வொப்பீடு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாது விடுகிறது என்பதை மாணவர்கள் தெளிந்துகொள்வாராயின், இனி இத்தகைய நூறு செய்திகளை அவர்கள் தாமே எடைபோட்டுக் கொள்ளலாம்.

முதலில் அச்செல்வம் வெறுங் காகிதக் கணக்கன்று என்பதை ஒப்புக்கொள்வோம். 1848 ஆம் ஆண்டு ஜனவரியில் சட்டர் என்பவரின் மர ஆலையருகே பொன் கண்டெடுக்கப்பட்டது. பொன்னைத் தேடி மக்கள் திரண்டனர். 1850 இல் கலிபோர்னியா ஒன்றியத்தின் 31 ஆவது மாநிலமாயிற்று. கண்டத்தைக் குறுக்கறுத்த முதல் இருப்புப்பாதை 1869 இல் முடிவுற்றது. பொன் குறைந்த பின்னர் மண் பொன்னாயிற்று. மத்திய பள்ளத்தாக்கிற் பழமும் காய்கறியும் விளைகின்றன. உலகின் வாதுமைப் பருப்பில் ஏறக்குறைய ஐந்திலே நான்கு பங்கு இம்மாநிலத்தது. ஹொலிவூட் படத்தொழில் ஒருபுறம் வளர்ந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்திலே விமானத் தொழிற்சாலைகள் எழுந்தன. 1939 இல் பாலோ அல்ற்ரோ நகரத்து மோட்டார் வண்டிக் கொட்டகை ஒன்றிலே ஹியூலற், பக்கார்ட் என்னும் இருவர் தொடங்கிய தொழில், பின்னர் சிலிக்கன் பள்ளத்தாக்கு எனப் பெயர்பெற்ற கணினித் தொழில் உலகத்தின் வித்துக்களில் ஒன்றாயிற்று. அருகிலிருந்த ஸ்ரான்போட் பல்கலைக்கழகம் அவ்வித்துக்கு நிலமும் நீருமாய் நின்றது. ஆகவே கலிபோர்னியாவின் உழைப்பும் அறிவும் மெய்யானவை.

அவற்றை அளக்கும் கோல் எத்தகையது என்பதே நம் வினா.

மொத்த உள்நாட்டு உற்பத்தி என்பது ஓராண்டிலே ஓரிடத்திற் புதிதாக விளைந்த பெறுமதி அனைத்தின் கூட்டுத்தொகை. கமக்காரன் நெல்லை 100 ரூபாவுக்கு விற்கிறான். ஆலைக்காரன் அதை மாவாக்கி 160 ரூபாவுக்கு விற்கிறான். கடைக்காரி அம்மாவை இடியப்பமாக்கி 250 ரூபாவுக்கு விற்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் கூட்டி 510 என்று எழுதுவது பிழை. ஒன்றை மூன்று முறை எண்ணியதாகும். ஒவ்வொருவரும் சேர்த்த பெறுமதி 100, 60, 90. ஆக 250 ரூபாவே உற்பத்தி. அதே கடைக்காரி தன் பிள்ளைகளுக்கு வீட்டில் அவித்த இடியப்பம் இக்கணக்கிலே சேராது. ஆனாற் சொந்த வீட்டிற் குடியிருப்பவர் தமக்குத் தாமே வாடகை கொடுப்பதாக ஒரு தொகையைக் கணக்கர் எழுதிச் சேர்த்துக்கொள்வர். வாடகை ஏறினால் அத்தொகையும் ஏறும். வீட்டில் ஓர் ஓடுகூடப் புதிதாய் வேய்ந்திருக்க வேண்டியதில்லை. இத்தகைய தேசிய வருமானக் கணக்கை அமெரிக்காவில் வகுத்த சைமன் குஸ்நெட்ஸ், 1934 இல் செனற் சபைக்கு அளித்த அறிக்கையிலேயே, இத்தொகையைக் கொண்டு ஒரு நாட்டு மக்களின் நலத்தைத் தீர்மானித்துவிடக் கூடாது என்று எச்சரித்தார். கோலைச் செய்தவரே கோலின் குறையையும் கூறிவைத்தார்.

அடுத்தது நாணயம். ஜப்பானியர் தம் உற்பத்தியை யென்னில் எண்ணுகின்றனர். நிரல் வகுப்போர் அதனை டொலராக மாற்றுகின்றனர். 2012 ஆம் ஆண்டிலே ஒரு டொலர் ஏறக்குறைய 80 யென். அவ்வாண்டு ஜப்பானின் உற்பத்தி சுமார் 500 இலட்சம் கோடி யென். டொலரில் 6 இலட்சம் கோடிக்கு மேல். 2024 ஆம் ஆண்டிலே அவ்வுற்பத்தி சுமார் 600 இலட்சம் கோடி யென்னாக உயர்ந்திருந்தது. ஆனால் டொலரின் விலை 150 யென் அளவுக்கு ஏறிவிட்டமையால், டொலர்க் கணக்கில் அது 4 இலட்சம் கோடியாகத் தாழ்ந்தது. யென்னில் வளர்ந்தவன் டொலரில் மெலிந்தான்! 2022 முதல் அமெரிக்க மத்திய வங்கி வட்டியை வேகமாக உயர்த்த, ஜப்பானிய மத்திய வங்கி 2024 மார்ச்சு வரையிற் பூச்சியத்துக்கும் கீழான வட்டியையே வைத்திருந்தமை இவ்வீழ்ச்சிக்கு ஒரு பெருங் காரணம். 2021 இல் நிலவிய 110 யென் என்னும் மாற்றுவீதமே 2024 இலும் நின்றிருக்குமாயின், ஜப்பானின் உற்பத்தி ஏறக்குறைய 5.5 இலட்சம் கோடி டொலர் என எழுதப்பட்டிருக்கும். கலிபோர்னியா அதன் நிழலையும் தொட்டிராது. ஜப்பானில் ஒரு தொழிற்சாலையும் கூடாமலே, ஓர் ஊழியனும் அதிகம் உழைக்காமலே இவ்வேறுபாடு நேர்ந்துவிடும்.

இதனை நம் நாட்டவருக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. 2022 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர், மே மாதத்தில் 350 ரூபாவைக் கடந்ததை நாம் கண்டோம். நாணயம் சரிந்தபோது துன்பம் மெய்யாகவே வந்தது. இறக்குமதிப் பண்டங்கள் கைக்கெட்டாதனவாயின. ஆயினும் நம் வயலும் கடலும் ஆசிரியரின் அறிவும் அதே அளவாற் சுருங்கிவிட்டன என்று யாரும் கூறார்.

மூன்றாவது விலைவாசி. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து நாவிதரும் ஒசாக்கா நகரத்து நாவிதரும் ஒரே வேலையைச் செய்தாலும், கூலி மிகுந்த ஊரின் கத்தரிக்கோல் அதிக உற்பத்தி செய்ததாகக் கணக்கிலே பதியும். இக்குறையை நீக்கவே, ஒவ்வொரு நாட்டின் பணமும் அவ்வந்நாட்டிலே எவ்வளவு பண்டம் வாங்கும் என்று பார்த்துக் கணக்கிடும் கொள்வனவு ஆற்றல் முறையை அறிஞர் வகுத்தனர். அதற்கான சர்வதேச விலை ஒப்பீட்டு வேலை 1968 இல் தொடங்கிற்று. அம்முறைப்படி 2024 இல் ஜப்பானின் உற்பத்தி 6 இலட்சம் கோடி டொலருக்கு மேல். கலிபோர்னியாவின் விலைவாசியோ அமெரிக்கச் சராசரியிலும் உயர்ந்தது. ஆதலால் அம்மாநிலத்தின் தொகை இம்முறையிற் குறையுமேயன்றிக் கூடாது. ஒரு கோலால் அளந்தால் முந்துபவர் மற்றொரு கோலால் அளந்தாற் பிந்திவிடுகின்றார்.

கணக்கு எவ்விடத்திலே எழுதப்படுகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. அயர்லாந்தின் உற்பத்தி 2015 ஆம் ஆண்டில் நூற்றுக்கு 26 வளர்ந்ததாக 2016 ஜூலையில் ஓர் அறிவித்தல் வந்தபோது உலகம் திகைத்தது. அங்கே வயல்கள் திடீரென விளைந்துவிடவில்லை. பன்னாட்டுக் கம்பனிகள் சில தம் புலமைச் சொத்துரிமைகளை அந்நாட்டுக்கு மாற்றி எழுதியமையே அதன் பிரதான காரணம். ஐரிஷ் குடியானவரின் பானையில் ஒரு பிடி அரிசியும் அதனாற் கூடவில்லை. பின்னர் அந்நாட்டுப் புள்ளிவிபரக் காரியாலயமே, இத்தகைய வீக்கங்களைக் கழித்த திருத்திய தேசிய வருமானம் என்னும் வேறொரு கணக்கையும் 2017 முதல் வெளியிடத் தொடங்கிற்று.

இவை யாவும் எண்ணைப் பற்றிய வினாக்கள். இவற்றிலும் ஆழமான வினா ஒன்றுண்டு. மாநிலம் ஒன்றை நாட்டோடு ஒப்பிடலாமா?

பிரியாத கூட்டுக் குடும்பம் ஒன்றிலே கெட்டிக்காரனான மூத்த மகன் இருக்கிறான். அவன் சம்பாத்தியம் பக்கத்து வளவிலே தனிக்குடித்தனம் நடத்துபவரின் சம்பாத்தியத்திலும் பெரிது. அதனால் அவன் அவரிலும் பெரிய குடித்தனக்காரன் ஆகிவிடுவானா? வேலி அடைப்பதும் கிணறு இறைப்பதும் கடனுக்குப் பிணை நிற்பதும் பொதுக் குடும்பமே. கலிபோர்னியாவின் நிலையும் இதுதான். அது நாணயம் அச்சிட முடியாது. அரசியலமைப்பு அதைத் தடுக்கிறது. அதற்குத் தனிப் படையில்லை. சுங்க வரி விதிக்கும் உரிமையுமில்லை. அதன் தென்பகுதி நகரங்களும் வயல்களும் நம்பியிருக்கும் கொலராடோ நதிநீரை ஏழு மாநிலங்கள் 1922 ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி பங்கிட்டுக் கொள்கின்றன. மத்திய பள்ளத்தாக்கின் பெரும் நீர்ப்பாசனத் திட்டத்தையும், போர்க்கால விமானத் தொழிலையும் வளர்த்தது மத்திய அரசின் பணம். சுங்கச் சாவடியில்லாத ஐம்பது மாநிலச் சந்தை அதன் வாசலிலே விரிந்து கிடக்கிறது. செனற் சபையிலே 3 கோடி 90 இலட்சம் மக்களுக்கும் இரு உறுப்பினர். ஆறு இலட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்குக்கும் இரு உறுப்பினர்.

இதற்கு 2025 ஏப்பிரல் மாதமே சாட்சி. உலகின் நான்காவது பொருளாதாரம் என்ற அறிவித்தல் வெளியானதற்கு ஒரு வாரத்துக்கு முன்னர், மத்திய அரசு விதித்த புதிய இறக்குமதி வரிகளை எதிர்த்துக் கலிபோர்னியா நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்திருந்தது. தனி நாடாயிருந்தால் தன் வரியைத் தானே தீர்மானித்திருக்கும். மாநிலமாயிருந்தபடியால் மனுவோடு நிற்க நேர்ந்தது. மேலும், நிரலின் முதலிடத்திலுள்ள ஐக்கிய அமெரிக்காவின் தொகைக்குள்ளேயே கலிபோர்னியாவின் பங்கும், ஏறக்குறைய ஏழிலொன்று, அடங்கியிருக்கிறது. தந்தையின் ஆதனத்தோடு ஒருமுறையும் மகனின் பெயரில் மறுமுறையும் எண்ணப்பட்ட சொத்து அது.

இனிச் செல்வம் யாரைச் சென்றடைந்தது என்று பார்ப்போம். 2024 ஜனவரியில் எடுத்த கணக்கின்படி, கலிபோர்னியாவில் வீடற்றோர் தொகை ஏறக்குறைய 187,000. ஐக்கிய அமெரிக்காவின் வீடற்றோரில் நால்வருள் ஒருவர் அங்கேயே இருந்தனர். அவருள் 120,000 பேருக்கு மேற்பட்டோர் தங்குமிடமுமின்றித் தெருவிலும் வாகனங்களிலும் வெட்டவெளியிலும் இரவைக் கழித்தவர்கள். ஜப்பானில் அதே மாதத்தில் அரசு எண்ணிய வெட்டவெளி வாசிகள் 3,000 பேருக்கும் குறைவு. இரு நாட்டாரும் எண்ணும் முறை முற்றும் ஒன்றல்ல; எனினும் இத்துணைப் பெரிய இடைவெளியை எண்ணும் முறை ஒன்றே உண்டாக்கிவிட முடியாது. ஜப்பானியப் பெண்களின் சராசரி ஆயுள் 87 வயது, ஆண்களுக்கு 81. நிரலிலே தோற்ற நாடு, வாழ்நாளிலே உலகின் முன்வரிசையில் நிற்கிறது. கலிபோர்னியாவிலே வாடகையை உயர்த்தி உற்பத்திக் கணக்கைப் பெருக்கிய அதே வீட்டுத் தட்டுப்பாடுதான் ஏழையை வீதிக்கும் தள்ளியது. ஒரே காரணம் ஒரு கணக்கிற் பெருமையாகவும் மற்றொரு கணக்கிற் சிறுமையாகவும் பதிந்திருப்பதை இங்கே காண்கிறோம்.

அப்படியாயின் இவ்வொப்பீடுகளை ஒதுக்கித் தள்ளிவிடலாமா? வேண்டாம். ஜப்பான் என்றால் என்ன அளவு என்பதை நாம் ஓரளவு அறிவோம். கலிபோர்னியாவின் அளவை மனத்திற் பதிக்க அவ்வறிமுகம் உதவுகிறது. நீண்டகாலம் நிலைத்த பல்கலைக்கழகங்களும், வந்தேறிகளை ஏற்றுக்கொண்ட தொழில்களும், பெருஞ் சந்தையும் ஒன்றுகூடினால் மூன்றிலொரு பங்கு மக்களும் எத்துணை விளைவிக்கலாம் என்பதை அது காட்டுகிறது. அளவுக்கு அது நல்ல கோல். நலத்துக்கும் வலிமைக்கும் அக்கோலை நீட்டும்போதுதான் பிழை பிறக்கிறது.

ஆதலின் மாணவர்கள் இத்தகைய செய்தியைக் காணுந்தோறும் நான்கு கேள்விகளைக் கேட்டுப் பழகுவாராக. எந்த நாணயத்தில், எந்த நாளின் மாற்றுவீதத்தில் எண்ணினார்கள்? அப்பணம் அவ்வூரில் எவ்வளவு வாங்கும்? ஒப்பிடப்படும் இரண்டும் ஒரே இனத்தனவா? அத்தொகை எத்தனை பேருக்கு, எவ்விதம் பகிரப்பட்டது?

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. இந்நிரலின் அடிப்பகுதியிலே தம் நாட்டின் பெயரைத் தேடிக் கண்ட பிள்ளை, தன்னையும் தன்னவரையும் சிறியராக எண்ணிவிடக் கூடும். அது கோலின் குறை, பிள்ளையின் குறை அன்று என்பதை உடனிருந்து விளக்குங்கள். நம் நாட்டில் விளைச்சல் பெருக வேண்டும் என்பதில் ஐயமில்லை. விளைந்தது எவர் வீட்டு அடுப்புக்குப் போய்ச் சேர்ந்தது என்று கேட்கும் பழக்கமும் அதனோடு வளருமாயின், நாளை கணக்கு எழுதப்போகும் கைகள் இன்னும் நேர்மையான கணக்கை எழுதும்.